சிறார் எழுதும் உலகத் தேர்வு

(நமது அறக்கட்டளையின் திருவிழாவை ஒட்டி நடைபெற்ற மாணவர் பரிசளிப்பு நிகழ்வில் ஆற்றிய உரை)



தமிழாசிரியனாகிய என்னைக் கணக்கைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். செயலாளர் தொலைபேசியில் கேட்டபோது, ஆள் மாறி அழைத்துவிட்டாரோ என்றுதான் முதலில் ஐயுற்றேன். “சென்ற ஆண்டு உங்கள் பேத்தி ஏதோ உலகப் போட்டியில் கலந்துகொண்டாளாமே, அதைச் சொல்லுங்கள் ஐயா” என்றார். அவள் அதில் பரிசு ஒன்றும் பெறவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பரிசளிப்பு விழாவில் பரிசு பெறாதவளைப் பற்றிப் பேசுவது முறையோ என்று தயங்கினேன். “அதனால் என்ன, வாருங்கள்” என்று அவர் பெருந்தன்மையோடு சொன்னதால் இங்கு நிற்கிறேன்.

என் மகன் ஜெர்மனி நாட்டில் பணிபுரிகிறான். சென்ற ஆண்டு மார்ச்சு மாதத் தொடக்கத்தில் நானும் என் துணைவியாரும் அங்குச் சென்றோம். சுற்றுலா விசாவில் தொண்ணூறு நாள்தான் தங்கலாம். பேத்தி அப்போது மூன்றாம் வகுப்பு. நாங்கள் போய்ச் சேர்ந்த இரண்டாம் வாரமே, “தாத்தா, வியாழக்கிழமை எங்கள் பள்ளியில் கங்காரு” என்றாள். விலங்குக் காட்சிச் சாலைக்கு அழைத்துப் போகிறார்கள் போலும் என்று எண்ணிக்கொண்டேன். கணக்குத் தேர்வுக்கு அப்படி ஒரு பெயர் என்பது பிறகே விளங்கிற்று.

அப்பெயர் வந்த வரலாறு சுவையானது. ஆஸ்திரேலியாவில் பீட்டர் ஓ'ஹாலரன் என்னும் கணிதப் பேராசிரியர் முன்னின்று, 1978-ஆம் ஆண்டு முதல் பள்ளி மாணவர்க்கு நாடு தழுவிய கணிதப் போட்டி ஒன்றை நடத்தச் செய்தார். சில ஆயிரம் மேதைகளைத் தேடிப் பிடிப்பது அதன் நோக்கமன்று. வகுப்பில் உள்ள எல்லாரும் எழுத வேண்டும். ஆகவே ஒவ்வொரு வினாவுக்கும் விடைகள் சிலவற்றைத் தந்து, சரியானதைத் தெரிவு செய்யச் சொன்னார்கள். பிரான்ஸ் நாட்டுக் கணித ஆசிரியர்களான அந்திரே தெலெதிக், ழான்-பியேர் பூதேன் இருவரும் இதைக் கண்டு வியந்து, 1991-இல் தம் நாட்டில் அதே முறையில் ஒரு போட்டியைத் தொடங்கினர். வழிகாட்டிய ஆஸ்திரேலிய நண்பர்களுக்கு நன்றி பாராட்டும் வகையில் அதற்குக் ‘கங்காரு’ என்று பெயரிட்டனர். உதவி பெற்ற இடத்தின் பெயரைத் தம் பணியின் தலையிலேயே எழுதிவைத்த அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்திருந்தது. 1994-இல் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் பல நாட்டார் கூடி, ‘எல்லைகளற்ற கங்காரு’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு சங்கத்தை அமைத்தார்கள். இன்று எண்பதுக்கு மேற்பட்ட நாடுகளில், ஆண்டுக்கு 60 இலட்சத்துக்கும் அதிகமான பிள்ளைகள் இதை எழுதுகிறார்கள் என்கிறார்கள். மார்ச்சு மாதத்தின் மூன்றாம் வியாழக்கிழமை இதற்குரிய நாள். ஜெர்மனியில் பெர்லின் நகரத்து ஹம்போல்ட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒரு சங்கம் இதை நடத்துகிறது.

உலகப் போட்டி என்றதும் விமானம், கோட்டு, தேசியக்கொடி என்று நம் மனம் ஓடுகிறது. இதில் அப்படி ஒன்றும் இல்லை. அவரவர் பள்ளியில், அவரவர் இருக்கையில், வழக்கமான ஆசிரியர் முன்னிலையில் எழுதுகிறார்கள். நேரம் 75 நிமிடம். மூன்றாம் நான்காம் வகுப்பினருக்கு 24 வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஐந்து விடைகள். முதல் எட்டு வினாக்கள் எளியவை, மதிப்பெண் மும்மூன்று. அடுத்த எட்டுக்கு நந்நான்கு. கடைசி எட்டுக்கு ஐயைந்து. முன்வரிசைப் பிள்ளைகள் கூட்டிப் பார்த்துச் சொல்லுங்கள், மொத்தம் எவ்வளவு? 96. அங்கே ஒரு தம்பி முந்திக்கொண்டான், வாழ்க!

இனித்தான் நுட்பம். தவறான விடை தந்தால் அந்த வினாவின் மதிப்பெண்ணில் கால் பங்கைக் கழிப்பார்கள். விடை தராமல் விட்டால் கழிவு இல்லை. எல்லாம் தவறாகிப் பிள்ளையின் மதிப்பெண் சுழியத்துக்கும் கீழே போய்விடக்கூடாது என்பதற்காக, எடுத்த எடுப்பிலேயே 24 மதிப்பெண்ணை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்கள். 96-இல் கால் பங்கு 24 அல்லவா? அந்தக் கணக்கு. ஆக, வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு வரும் பிள்ளைக்கு 24. எல்லா வினாக்களுக்கும் துணிந்து தவறாக விடையளித்த பிள்ளைக்குச் சுழியம்.

இதைப் பேத்தி சொன்னபோது நான் நம்பவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக நான் மாணவர்க்குச் சொன்ன அறிவுரை, “எந்த வினாவையும் விட்டுவிடாதே, எதையாவது எழுது” என்பதுதான். எதையாவது எழுதினால் அரை மதிப்பெண்ணாவது கிடைக்கும் என்பது நம் தேர்வுக்கூடத்து வேதம். அன்று இரவு தாளும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். நான்கு மதிப்பெண் வினாக்கள் ஐந்தைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், ஐந்தில் ஒன்று சரியாகும் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நான்கு மதிப்பெண் கிடைக்கும். மற்ற நான்கும் தவறு. ஒன்றுக்கு ஒன்று வீதம் நான்கு போகும். வரவும் செலவும் சமம். குருட்டாம்போக்கில் குறிப்பதால் சராசரியில் ஒரு பயனும் இல்லாதவாறு அளந்து வைத்திருக்கிறார்கள். எட்டு வயதுக் குழந்தைக்கு இந்த விகிதம் புரியுமா என்றால் புரியாது. ஆனால் தெரியாததைத் தெரியாது என்று விட்டுச் செல்வதில் இழப்பில்லை என்பது மட்டும் அவளுக்கு நன்றாகப் புரிந்திருந்தது. “தெரியாவிட்டால் தாண்டிப் போய்விட வேண்டும் தாத்தா, அதுதானே கங்காரு” என்றாள். அவளுடைய ஆசிரியை அப்படி விளக்கினாரோ, அவளாகச் சொன்னாளோ, அறியேன். எல்லா நாடுகளிலும் இந்தக் கழிவு முறை இல்லை. அமெரிக்காவில் தவறான விடைக்குக் கழிப்பதில்லை. எனக்கு ஜெர்மனி முறைதான் உவப்பாயிருந்தது.

வினாக்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் பல நாட்டுப் பிரதிநிதிகள் ஓரிடத்தில் கூடி, அவரவர் கொண்டுவந்த வினாக்களிலிருந்து தெரிவு செய்கிறார்கள். பிறகு ஒவ்வொரு நாட்டாரும் தத்தம் மொழியில் பெயர்த்துக்கொள்கிறார்கள். தமிழ் படித்தவனாகிய எனக்கு இந்த மொழிபெயர்ப்புப் பகுதியில்தான் மனம் நின்றது. பேத்தி பழகுவதற்காகக் கொண்டுவந்த தாளில் இப்படி ஒரு வினா இருந்தது. ஒரு வீட்டில் நான்கு பெண்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரே ஒரு ‘புரூடர்’ உண்டு. பிள்ளைகள் மொத்தம் எத்தனை பேர்? எட்டு என்று எழுதுபவன் அவசரக்காரன். விடை ஐந்து. நால்வருக்கும் உடன்பிறந்தவன் அந்த ஒருவனே.

நான் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். “ஒவ்வொருத்திக்கும் ஒரே ஒரு தம்பி” என்றேன். உடனே அவள், “தம்பி என்றால், அண்ணன் வேறு தனியாக இருக்கலாமே தாத்தா?” என்று கேட்டாளே பார்க்கலாம்! உண்மைதான். ஜெர்மன் மொழியில் மூத்தவனும் இளையவனும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகிறார்கள். நம் தமிழில் அண்ணன் வேறு, தம்பி வேறு. ‘தம்பி’ என்று பெயர்த்த அந்நொடியே கணக்கு மாறிவிடுகிறது. விடை ஐந்து என்று அறுதியிட்டுச் சொல்ல இயலாது. ‘சகோதரன்’ என்றால் கணக்கு சரியாகும். ஆனால் எந்த வீட்டுக் குழந்தை தன் தம்பியைச் சகோதரன் என்கிறது? முதுகலைப் பட்டம் பெற்ற என்னை மூன்றாம் வகுப்புப் பெண் மடக்கியது எனக்கு வருத்தம் தரவில்லை. அவள் தமிழை மறக்கவில்லை என்பதை அன்றுதான் உறுதிசெய்துகொண்டேன்.

இன்னொரு வகை வினாவும் அங்கே காணலாம். ஒரு மரக்கட்டையை ஆறு துண்டாக அறுக்க வேண்டும், ஒருமுறை அறுக்க இரண்டு நிமிடம், எவ்வளவு நேரமாகும்? ஆறு துண்டுக்கு ஐந்து முறை அறுத்தால் போதும், பத்து நிமிடம். இதில் கணக்கு என்று பார்த்தால் இரண்டாம் வாய்ப்பாடுதான். தவறுகிறவன் பெருக்கலில் தவறுவதில்லை; படிப்பதில் தவறுகிறான். கணக்கில் தோற்றதாக நாம் எண்ணும் பிள்ளைகளில் பலர் உண்மையில் வாசிப்பில் தோற்றவர்கள் என்பது என் நெடுநாளைய கருத்து. கணித ஆசிரியர் நண்பர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை, போகட்டும்.

இவ்வாறு கதைபோலக் கணக்குச் சொல்வது நமக்குப் புதிதன்று. ஒன்பதாம் நூற்றாண்டில் அமோகவர்ஷ மன்னன் காலத்தில் வாழ்ந்த நம் மகாவீராசாரியர், வண்டுகளையும் யானைக் கூட்டத்தையும் மாங்கனிகளையும் கொண்டே ‘கணிதசார சங்கிரகம்’ என்னும் நூலில் கணக்குகளை அமைத்தார். அந்நூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு 1912-இல் சென்னையில் பதிப்பித்து உலகறியச் செய்தவர் பேராசிரியர் ரங்காசாரியார். தமிழில் காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’, பலாப்பழத்தை அறுக்காமலே அதன் சுளைகளை எண்ண வழி சொல்கிறது. காம்பைச் சுற்றியுள்ள முட்களை எண்ணி, ஆறால் பெருக்கி, ஐந்தால் வகுக்க வேண்டுமாம். சிறுவயதில் நான் அதைச் சோதித்துப் பார்த்தேன். முட்களை எண்ணுவதற்குள் என் தமையன்மார் பழத்தை முடித்துவிட்டனர்.

தேர்வு நாளுக்கு வருகிறேன். காலையில் அவள் அச்சமின்றிப் போனாள், மகிழ்ச்சியோடு திரும்பினாள். ஐந்து வினாக்களைத் தாண்டிவிட்டதாகச் சொன்னாள். “ஏனம்மா ஐந்தை விட்டாய்?” என்று நான் கேட்டேன். பழக்கதோஷம். என் மகன் என்னை ஒரு பார்வை பார்த்தான், வாயை மூடிக்கொண்டேன்.

நாங்கள் புறப்படுவதற்குச் சில நாள் முன்பு முடிவுகள் வந்தன. எழுதிய அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரு சான்றிதழ், விடைகளும் புதிர்களும் அடங்கிய ஒரு சிறு நூல், விளையாட்டுப் புதிர்ப் பொருள் ஒன்று. யாரும் வெறுங்கையோடு போகவில்லை. மிகுந்த மதிப்பெண் பெற்றோர்க்குத் தனிப் பரிசுகள் உண்டு. இவற்றோடு ஒவ்வொரு பள்ளியிலும் ஒரு டி-சட்டையும் உண்டு. அது முதல் மதிப்பெண்ணுக்கு உரியதன்று. இடையில் ஒன்றும் தவறாமல் தொடர்ச்சியாக மிகுதியான வினாக்களுக்குச் சரியான விடை தந்த பிள்ளைக்கு உரியது. அதற்கு ‘மிக நீண்ட கங்காருத் தாவல்’ என்று பெயர்.

அந்தச் சட்டை என் பேத்தியின் வகுப்பிலுள்ள ஒரு சிறுவனுக்குக் கிடைத்தது. போர் நடக்கும் நாட்டிலிருந்து பெற்றோருடன் தப்பி வந்த குடும்பத்துப் பிள்ளை. வந்து இரண்டாண்டுகூட ஆகவில்லை. ஜெர்மன் மொழியில் தட்டுத் தடுமாறித்தான் பேசுவான் என்றும், மொழிப் பாடத்தில் அவனைத் தனியே அமர்த்திப் பயிற்றுகிறார்கள் என்றும் பேத்தி சொன்னாள். சிறு வகுப்புத் தாளில் படங்கள் நிறைய இருந்ததால் அவன் படங்களைக் கொண்டே பொருளைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். கணக்கில் தோற்பவர் வாசிப்பில் தோற்றவர் என்று சற்றுமுன் நான் சொன்னேன் அல்லவா? வாசிக்கத் தடுமாறும் ஒருவன் அந்தக் கருத்தின் மறுபக்கத்தை எனக்குக் காட்டிவிட்டான். மறுநாள் பேத்தியைப் பள்ளியில் விடச் சென்றபோது அவனைப் பார்த்தேன். குளிருக்கு அணிந்த மேலங்கியின்மேல் அந்தச் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தான்.

அவனைப் பார்த்த அந்த இடத்தில் எனக்கு வேறொரு பிள்ளையின் நினைவு வந்தது. அதைச் சொல்வதற்காகவே இவ்வளவும் சொன்னேன் என்றாலும் தவறில்லை.

1986-ஆம் ஆண்டு. நான் இடைநிலை ஆசிரியராக ஒரு சிற்றூர்த் தொடக்கப்பள்ளியில் பணியில் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்புக்கு எல்லாப் பாடமும் நானே. அவ்வகுப்பில் ஒரு சிறுமி. செங்கற்சூளையில் வேலை செய்வோரின் மகள். பலகைக்கு வரமாட்டாள். புளியங்கொட்டைகளைத் தரையில் பரப்பி, நகர்த்தி நகர்த்தி, நான் கரும்பலகையில் கணக்கை முடிப்பதற்குள் விடையைச் சொல்லிவிடுவாள். ஆனால் எழுத்தில் பிழை மலியும்; தேர்வில் மதிப்பெண் நடுத்தரந்தான். அவ்வாண்டு, பக்கத்து நகரத்தில் பள்ளிகளுக்கிடையே சிறுவர்க்கான அறிவுப் போட்டி ஒன்று அறிவித்தார்கள். பள்ளிக்கு இருவர் போகலாம். “பள்ளியின் பெயர் கெடாமல் பார்த்து அனுப்புங்கள்” என்பது எனக்கு வந்த கட்டளை. மதிப்பெண் ஏட்டைத் திறந்து முதல் இரண்டு பெயர்களை எழுதிக் கொடுத்தேன். அன்று மாலை அவள் என் மேசையருகே வந்து, “நானும் வரட்டுங்களா சார்?” என்றாள். “அடுத்த வருசம் பார்க்கலாம்மா” என்றேன்.

ஐந்தாம் வகுப்புதான் அப்பள்ளியின் கடைசி வகுப்பு. அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். ஆறாம் வகுப்புக்கு மூன்று கல் தொலைவு நடக்க வேண்டும். அவள் சேரவில்லை. சூளை வேலை முடிந்து அக்குடும்பம் வேறு ஊருக்குப் போய்விட்டது. போட்டிக்குப் போன இருவரும் பரிசு பெறாமல் திரும்பினார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். யாரும் என்னைக் குறை கூறவில்லை. யாரை எதற்கு அனுப்புவது என்று தெரியாத இருபத்தாறு வயதில் நான் செய்த காரியம் அது. ஆனால் அறியாமல் செய்தேன் என்று என்னால் சொல்லமுடியாது. புளியங்கொட்டைகளை நான் பார்த்திருந்தேன்.

இப்போது நம் ஊர்களிலும் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கே ‘ஒலிம்பியாட்’ என்ற பெயரில் அறிவிப்புத் தாள்கள் வருகின்றன. கட்டணம், பயிற்சி நூலுக்குத் தனிக் கட்டணம், பதக்கத்துக்கு இன்னொன்று. எல்லாம் தீமை என்று சொல்லமாட்டேன். நல்ல வினாக்களும் அவற்றில் உண்டு. ஆனால் கட்டணம் செலுத்தும் வீட்டுப் பிள்ளை மட்டுமே எழுதுகிறது. எழுதுகிற பிள்ளைக்கும் அது மற்றுமொரு தேர்வாகி, மாலை விளையாட்டைத் தின்றுவிடுகிறது. உலகக் கணித ஒலிம்பியாட் என்று 1959-இல் ருமேனியாவில் தொடங்கிய பெரும்போட்டி, கல்லூரிக்குச் செல்லும் முன்னுள்ள வளர்ந்த மாணவர்க்கு உரியது. அதன் பெயரை ஆறு வயதுக் குழந்தையின் தோளில் ஏற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அறக்கட்டளை ஒன்று இத்தகைய பணியில் இறங்கலாமா என்று கேட்போர்க்கு ஒரு சான்று. ஆங்காங் நகரில், கடத்தப்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் மீட்டுக் காப்பதற்காக அவ்வூர்ப் பெருமக்கள் 1878-இல் நிறுவிய அறநிலையம் ‘போ லியுங் குக்’. காலப்போக்கில் பள்ளிகளையும் நடத்தலாயிற்று. அந்த அறநிலையமே 1997-இல் தொடக்கப்பள்ளி மாணவர்க்கென்று உலகக் கணிதப் போட்டி ஒன்றைத் தொடங்கியது. பல நாடுகளிலிருந்து நந்நான்கு சிறுவர் கொண்ட அணிகள் வந்தன. தனித்து எழுதப் பதினைந்து வினா. நால்வரும் கூடி ஆராய்ந்து எழுதப் பத்து வினா. கூடி எழுதும் தேர்வு என்பது நம் பள்ளிகளில் குற்றம். அங்கே அது ஒரு பாடம்.

நான் அறங்காவலர் முன் வைக்கும் வேண்டுகோள் சிறியது. உலகப் போட்டிக்கு ஒரு பிள்ளையை விமானத்தில் அனுப்புவதற்குச் செலவிட எண்ணியிருப்பதாகத் தலைவர் முன்பொருமுறை சொன்னார். அந்த நல்லெண்ணத்தை மதிக்கிறேன். ஆயினும் அத்தொகையில் ஒரு பகுதியைக்கொண்டு, வரும் மார்ச்சு மாதத்தின் மூன்றாம் வியாழனன்று மாலை, இதே மண்டபத்தில், சுற்றுவட்டாரத் தொடக்கப்பள்ளிகளின் மூன்று, நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அத்தனை பேரையும் அமர்த்தி 24 வினாக்கள் கொடுக்கலாம். பள்ளிக்கு இருவர் என்ற கணக்கு வேண்டாம். வினாக்களை நாமே தமிழில் ஆக்குவோம். பிறருடையதை எடுத்தாள வேண்டியதில்லை. ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் இருவர் என்னோடு உழைக்க இசைந்திருக்கிறார்கள். அண்ணன் தம்பி சிக்கலை நான் பார்த்துக்கொள்கிறேன். எழுதத் தடுமாறும் பிள்ளைக்கு வினாவைப் படித்துக் காட்ட, பத்துப் பன்னிரண்டு இளைஞர் தேவைப்படுவர். இங்கே பின்வரிசையில் நிற்பவர்களைக் கண்டுதான் இதைச் சொல்கிறேன். வந்த பிள்ளைகள் எல்லார்க்கும் ஒரு புதிர்நூல், சூடாகச் சிற்றுண்டி. சூரியன் மறைவதற்குள் எல்லாரும் வீடு சேரும்படி மூன்று மணிக்கே தொடங்கிவிடலாம். தொலைவிலுள்ள சூளைகளுக்கும் ஒரு வண்டி அனுப்ப வேண்டும். அந்த வண்டிச் செலவு என்னுடையது.

மாதிரி வினாத்தாள் ஒன்றை நகலெடுத்து, வெளியே தண்ணீர்ப் பந்தலுக்கு அருகே மேசைமேல் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் எடுத்துச் செல்லலாம். பெரியவர்களும் எழுதிப் பார்க்கலாம். தெரியாதவற்றை விட்டுவிடுங்கள்.